நீல எண்ணெய்

ஜூலை 6, ஞாயிறு

வெயில். ஜொகூரில் கோத்தா திங்கிப் பக்கம் மூன்று வாரமாக மழை இல்லையாம். செம்பனைத் தோட்டத்துப் பாதை முழுக்கச் செம்மண் தூள். முன்னால் போகிறவனின் பின்சக்கரமே தெரியவில்லை.

காலை 10.20, என் பைக் இழுக்கவில்லை. 10.45, நீலப் புகை. 11.05, நின்றுவிட்டது. உதைத்தால் காலுக்கு எதிர்ப்பே இல்லை. கம்ப்ரெஷன் போய்விட்டது.

சீட்டைக் கழற்றி, இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை எடுத்தேன். ஃபோமை அழுத்தினால் தூள் பறக்கிறது. எண்ணெய் பூசிய ஃபோம் தூளைப் பிடித்துச் சேறாக்கி வைத்துக்கொள்ளும், பறக்கவிடாது. ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயில் விரல் விட்டேன். நறநற. இஞ்சின் மண்ணைத் தின்றிருக்கிறது.

வியாழன்தான் சிங்கப்பூர், காக்கி புக்கிட் பட்டறையில் சர்வீஸ். மெக்கானிக் கணேசன். தினமும் ஜொகூர் பாருவிலிருந்து வந்து போகிறவன், ஆறு வருடமாக என் வண்டியைப் பார்க்கிறவன். ஃபில்டர் நான் கொடுத்தது. கழுவி, நீல எண்ணெய் பூசி, ஜிப் பையில். இது அது இல்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டு எவனுடைய பழசையோ மாட்டியிருக்கிறான்.

வண்டி ஜமாலின் லாரியில். ஜமால் மளிகை மொத்த வியாபாரி, எங்கள் பைக் குழுவை நடத்துபவன். சிங்கப்பூர் திரும்பும் காஸ்வே பாலத்தில் இரண்டே கால் மணி நேரம் நகரவில்லை.

"அண்ணே, மொதல்ல அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றான் ஜமால்.

கேட்கவில்லை. டைப் செய்தேன். வாட்ஸ்அப் குழுவில் எண்பத்து மூன்று பேர். பதினொரு வரி. பெயர், பட்டறை, நாள், நேரம், நான்கு படம். கடைசி வரி: "நல்ல ஃபில்டரை எடுத்துக்கொண்டு குப்பையை மாட்டுகிறவன் கையில் உங்கள் வண்டியைக் கொடுக்காதீர்கள்."

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வருவதற்குள் முப்பது கட்டைவிரல்.

ஜூலை 7, திங்கள்

ஜமால் காலையிலேயே வண்டியைப் பட்டறையில் இறக்கிவிட்டான். நான் போகவில்லை. முகத்தைப் பார்த்தால் கத்திவிடுவேன்.

மதியம் தேக்கா சந்தைக் கடையில் தேநீர். குழுவிலிருந்து சுரேஷ், வாய் நீளம்.

"என்னா போடு போட்டீங்கண்ணே! பத்திரிகைக்காரர்னா பத்திரிகைக்காரர்தான்! நான் நேத்தே தவுக்கேக்கு ஃபோன் அடிச்சுட்டேன். அவன் கை என் வண்டியில பட்டா நான் வேற கடை பார்ப்பேன்னுட்டேன். இன்னும் ரெண்டு பேர் அடிச்சிருக்காங்க."

தவுக்கே, பட்டறை முதலாளி, கணேசனை இஞ்சின் வேலையிலிருந்து எடுத்துவிட்டாராம். வண்டி கழுவுகிறானாம். வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று சனிக்கிழமை சொல்வாராம்.

திருப்தியாக இருந்தது. எழுதி வைக்கிறேன்: திருப்தியாக இருந்தது.

கணேசனிடமிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை.

பல் மருத்துவர் - வியாழனிலிருந்து மாற்ற வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் மழை. வீட்டு ஜன்னலுக்கு வெளியே பாசிர் ரிஸ் முழுக்க வெள்ளை. தோட்டத்தில் பெய்ய வேண்டியது இங்கே பெய்கிறது.

தவுக்கேயிடம் காட்ட ஆதாரம் திரட்டினேன். படங்கள், ஃபில்டர், எண்ணெய் பாட்டில். பழையது தீர்ந்ததும், போன மாதம் வாங்கிய புதுப் பாட்டில். மூடியைத் திறந்தேன்.

உள்ளே வெள்ளித்தாள் சீல். கிழியவில்லை.

மனைவி மீனாவைக் கூப்பிட்டு ஃபில்டரைப் பற்றிக் கேட்டேன். சமையலறையிலிருந்தே பதில்.

"அன்னிக்கு மழை வந்துச்சுங்க. கழியில தொங்குனத எடுத்தேன். நல்லா காஞ்சிருந்துச்சு. நீங்க எப்பவும் போடற பையில போட்டு வெச்சேன். ஏன்?"

"யாரு உன்னை எடுக்கச் சொன்னது?"

"அப்ப நனையட்டும்னு விட்டிருக்கணுமா?"

பை பழைய பை. மேலே என் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு: எண்ணெய் பூசியது. தயார்.

நடந்தது இவ்வளவுதான். மண்ணெண்ணெயில் அலசினேன். சோப்பு நீரில் கழுவினேன். முறுக்காமல் பிழிந்தேன். மூங்கில் கழியில் தொங்கவிட்டேன். எண்ணெய் நாளைக்கு என்று நினைத்தேன். நாளைக்கு வேறு வேலை வந்தது. பையைப் பார்த்தேன், சீட்டைப் படித்தேன், கொடுத்தேன்.

மீனா மீது கோபம். சீட்டின் மீது கோபம். மழையின் மீதுகூட. எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

ஜூலை 9, புதன்

அரை நாள் விடுப்பு. பட்டறை.

கணேசன் வாசலில், ரப்பர் பூட்ஸ், கையில் குழாய். என்னைப் பார்த்தும் தண்ணீரை நிறுத்தவில்லை.

"தப்பு என்னுது. எண்ணெய் போடவே இல்ல நான்" என்றேன்.

"தெரியும்ண்ணே."

"தெரியுமா? அப்பறம் ஏன்டா மாட்டுன?"

இப்போது நிறுத்தினான். "வியாழக்கிழமை உங்களுக்கு ஃபோன் அடிச்சேன்லா. ஃபோம் காஞ்ச மாதிரி இருக்கு, நீலமே தெரியலன்னேன். என்ன சொன்னீங்க?"

நினைவில்லை.

"பை மேல எழுதியிருக்கறதப் படிக்கத் தெரியாதான்னு கேட்டீங்க. ஆறு வருசத்துப் பழக்கம். படிச்சேன். மாட்டுனேன்."

ஃபோனை எடுத்துப் பார்த்தேன். வியாழன், மாலை 3.12, 38 விநாடி. செய்தியாளர் கூட்டத்தின் நடுவில். முப்பத்தோரு வருடத் தொழிலில் எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு வரி அச்சுக்குப் போனதில்லை என்று புதிதாக வருகிறவர்களிடம் பெருமை பேசுகிறவன் நான். எதிர்த்தரப்பு தானாகவே என்னைக் கூப்பிட்டிருக்கிறது.

"திருடன்னு எழுதிட்டீங்களேண்ணே. நான் திருடுனா உங்களோட மூணு வருசத்து ஃபோமையா திருடுவேன்? அந்தா பாருங்க, அலமாரி நிறைய புதுசா இருக்கு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"மறுப்பு எழுதறேன்."

"எங்க எழுதுனீங்களோ அங்க எழுதுங்க. சனிக்கிழமைக்குள்ள."

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். பல் மருத்துவரிடம் போகும் நாளை மாற்றியாயிற்று, அடுத்த வாரம்.

முதல் வரைவு: "தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குழப்பம் காரணமாக..." அழித்தேன். அதிகாரிகள் வாயில் கேட்டுக் கேட்டு நான் சிரித்த வாக்கியம்.

மதியம் 12.40க்குப் போட்டது: "ஞாயிறு நான் எழுதியது பொய். ஃபில்டருக்கு எண்ணெய் பூசாமல் கொடுத்தவன் நான். கணேசன் மாட்டுவதற்கு முன் ஃபோனில் கேட்டார். நான் அதட்டினேன். அவர் எதையும் எடுக்கவில்லை."

12.42க்கு யாரோ விற்பனைக்கு டயர் படம். பிறகு வரிசையாக:

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு."

"பாவம், அவன் வேலை போயிரும்னு அண்ணன் பழிய ஏத்துக்கிறாரு."

"இந்தக் காலத்துல யாரு இப்படி! சல்யூட்!"

பழி சொன்னபோது ஒருவனும் ஆதாரம் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் தியாகி ஆக்குகிறார்கள். "நான் சொல்வது நிஜம்" என்று எழுதினேன். கும்பிடும் கைகள் வந்தன. ஃபோனைச் சோபாவில் எறிந்தேன். மீனா எடுத்து மேசையில் வைத்தாள், ஒன்றும் கேட்காமல்.

ஜூலை 11, வெள்ளி

வேலைக்கு முன் தேக்கா. சுரேஷை அங்கே வரச் சொன்னேன். முதலில் ஃபோன் அடித்தவன் அவன், முதலில் நம்ப வேண்டியவனும் அவன்.

"சும்மா சொல்றீங்கண்ணே. உங்களுக்கு எளகிய மனசு."

பாட்டிலை மேசையில் வைத்தேன். "தொற."

திறந்தான். சீலைப் பார்த்தான். நகத்தால் கிழித்தான். விரலில் நீலம். பக்கத்தில் அந்த ஃபில்டரை வைத்து அழுத்தச் சொன்னேன். தேநீருக்குள் செம்மண் விழுந்தது.

விரல் நீலத்தையும் ஃபோமையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப... நீங்கதானா?"

"நான்தான்."

சிரித்தான் பாருங்கள். கடையே திரும்பியது. "ஐயோ அண்ணே! பத்து வருசமா எங்களுக்கு ஃபில்டர் பாடம் எடுத்தீங்களே! முறுக்காத, பெட்ரோல்ல கழுவாத, விளிம்புல கிரீஸ் வை... கடைசியில நீங்களே காஞ்சதா குடுத்தீங்க!"

அறையலாம் போல் இருந்தது. "தவுக்கேக்கு ஃபோன் போடு. இப்ப. என் எதிர்ல. மத்த ரெண்டு பேரையும் போட வை."

போட்டான். இருபது நிமிடத்தில் மூவரும். சுரேஷ் கடை முழுக்கக் கேட்கும்படி, அந்தப் பாடக் கதையோடு சேர்த்து.

அலுவலகத்துக்கு 40 நிமிடம் தாமதம்.

ஜூலை 12, சனி

வெயில். காக்கி புக்கிட், காலை 11.50.

கணேசன் உள்ளே, இஞ்சின் மேசையில். முன்னால் சுரேஷின் வண்டி, டேங்க் கழற்றி. பூட்ஸ் இல்லை. தவுக்கே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

என் வண்டி மூலையில், ஜமால் இறக்கிய இடத்திலேயே.

"எப்ப பிரிக்கலாம்?" என்றேன்.

"உங்க வண்டிய நான் தொட மாட்டேன்ண்ணே."

"அதான் எழுதிட்டேனே. ஆளாளுக்குச் சொல்லி, சிரிப்பா சிரிச்சாங்களே."

"சொன்னீங்க. நான் மறுக்கல." ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே பேசினான். "மொதல்ல எழுதுனது ஜொகூர் பாருல எங்க ஆளுங்க குரூப்புக்கெல்லாம் போயிருச்சு. என் மச்சான் அதத்தான் படிச்சான். ரெண்டாவது எழுதுனத அங்க யாரும் அனுப்பல. நாளைக்கு உங்க வண்டிக்கு வேற ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்க எழுதுவீங்க. எனக்கு எழுத வராதுண்ணே."

தவுக்கே வேறு ஆளைத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நன்றிகெட்டவன் என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

வண்டியை நானே வெளியே தள்ளினேன். பின் டயரில் காற்று இல்லை. கை கொடுக்க யாரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஜமாலுக்கு ஃபோன். லாரி ஒரு மணிக்கு வருமாம்.

சாலையோரம் நின்றேன். நிழல் இல்லை. அவன் சொன்னதில் மறுத்துச் சொல்ல ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

லாரி 1.25க்கு வந்தது.