குதிகால் கொப்புளமும் வெள்ளைச் சப்பாத்தும்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பாலத்துப் பக்கம் மேகம், மழை இல்லை.

ஆபீஸ் ஜிம்மில் முதல் நாள். துடுப்பு மிஷின் மூலையில், சுவரைப் பார்த்தபடி. அதனால்தான் அது. டிரெட்மில்லில் ஏறினால் கேண்டீனே பார்க்கும்.

வாசலில் சிலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பாய் விரித்த தரை, கால் தானாகக் கழற்றிவிட்டது. பயிற்சி தரும் சாந்தி அக்கா வெளியே எட்டிப் பார்த்தார். "யாரு சிலிப்பர் இது? கோயிலுக்கு வந்திருக்கியாம்மா?" இரண்டு பேர் சிரித்தார்கள். காது சுட்டது.

வெறுங்காலோடு இழுக்கக் கூடாதாம். கால் வார் விரலை அறுத்துவிடுமாம். "நாளன்னிக்கு சப்பாத்தோட வா."

ஏன் சேர்ந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதலாம். அப்பாவுக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. துறைமுக வேலையில் பூட்ஸ் கடித்து ஒரு கொப்புளம், மூன்று வருஷம் முன்பு. வலது பாதத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அவர் மூக்கு, அவருடைய அகலப் பாதம். வேறு என்னென்ன வந்திருக்கிறதோ. இதுவரை ரத்தம் சோதித்ததில்லை. பயம்.

ஜூலை 9, புதன்

வாங்க: சப்பாத்து, மெல்லிய காலுறை, முட்டை, அப்பாவுக்குப் பஞ்சு.

வேலை முடிந்து கடை. "ரன்னிங்கா, ஜிம்மா?" ரெண்டும் என்றேன், பேச்சு முடியட்டும் என்று. குதிகாலடியில் மெத்தை மாதிரி தடிமன். கொஞ்சம் இறுக்கம். "போடப் போட லூஸாயிரும்லா," என்றாள் விற்கிற பெண். வாங்கிவிட்டேன். நேர்காணலில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து பேசியவள் நான். அடுத்த சைஸ் கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

மழை. இருபது நிமிடம் இழுத்தேன். முதுகு பரவாயில்லை.

சா. அக்கா சப்பாத்தை அழுத்திப் பார்த்தார். "தடிச்ச அடி வேணாம்மா. நீ மிதிக்கிற பலத்தையெல்லாம் இந்த மெத்தையே சாப்பிட்டுருது. தட்டையா, மெல்லிசா, கெட்டியா இருக்கணும்." இன்றைக்கு இதோடு சமாளி என்றார். குதிகால் ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளே ஏறி இறங்கியது. சொல்லவில்லை.

வீட்டில் காலுறையைக் கழற்றினேன். வலது குதிகாலில் கொப்புளம். உடைந்திருக்கிறது. ரத்தம்.

வலிக்கவே இல்லை. அதுதான் பயம்.

அப்பா இன்னும் சொல்வார்: "வலிச்சிருந்தா பாத்திருப்பேனே."

குளியலறையில் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். லேசாக எரிந்தது. எரிந்ததா, எரிய வேண்டும் என்று நான் நினைத்தேனா?

ஜூலை 12, சனி

காலையில் அப்பாவின் இடது காலுக்குக் கண்ணாடி பிடித்தேன். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது, கைக்கண்ணாடியைக் கீழே சாய்த்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அம்மா விடியுமுன் சமையல் வேலைக்குப் போய்விடுவதால் இது என் பொறுப்பு. தினமும் ஒரே பேச்சு.

"சிவப்பு?"

"இல்லப்பா."

"வெடிப்பு?"

"இல்லப்பா."

என் குதிகாலை சாரோங் துணியால் மூடிக்கொண்டு அவர் காலைப் பார்த்தேன்.

பிளாஸ்டர் மூன்று முறை மாற்றியாயிற்று. இன்னும் ஈரம். இரண்டு நாள்தானே. அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சப்பாத்து அலமாரியின் அடித்தட்டில் என் பள்ளிச் சப்பாத்து கிடந்தது. வெள்ளைக் கேன்வாஸ், பள்ளிக் கடைசி வருஷம், ஐந்தாம் படிவத்தில் போட்டது. திருப்பிப் பார்த்தேன். தட்டை, மெல்லிசு, கெட்டி. கடையில் தேடியதே தப்பு. போட்டு வீட்டுக்குள் நாலு நடை நடந்தேன். பொருந்துகிறது. நிறம்தான் மஞ்சள். வாசலில் வைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

நல்ல வெயில். எழுந்து வந்தால் அப்பா வாசல் நாற்காலியில். ஊன்றுகோல் சுவரில். என் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருக்கிறார். பள்ளி நாளில் ஒவ்வொரு ஞாயிறும் அவர் வேலை அது.

பக்கத்து வீட்டு முருகையா அங்கிள்: "என்ன அண்ணே, பொண்ணு மறுபடி ஸ்கூலுக்குப் போவுதா? பட்டம் பத்தலையா?"

அப்பா சிரிக்கவில்லை. வலது சப்பாத்தின் பின்பக்கம் விரலை விட்டு வைத்திருந்தார். வெளியே எடுத்தார். வெள்ளை படிந்த விரலில் பழுப்பு, காய்ந்த ரத்தம்.

அங்கிள் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

"நான் பத்து நாளு மறச்சேன். ஷிப்டு போயிரும்னு பயம்." மற்ற சப்பாத்தை எடுத்துப் பூச ஆரம்பித்தார். "நாளைக்கு கிளினிக். நானும் வரேன். காலையில ஒண்ணும் சாப்பிடாத."

"தனியா போய்க்கிறேன்பா."

"போவ மாட்ட."

உண்மை.

ஜூலை 14, திங்கள்

அரை நாள் லீவு, "சொந்த வேலை". கிளினிக்கில் கூட்டம். நம்பர் சீட்டை அப்பா தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். என் கை சில்லிட்டு, விரலில் ரத்தமே வரவில்லை. நர்ஸ் மிஸி இரண்டு தடவை குத்தினார்.

ரத்தச் சர்க்கரை 6.3.

"இன்னொரு தரம் சொல்லுங்க மிஸி," என்றார் அப்பா.

"ஆறு புள்ளி மூணு. எல்லையில நிக்குது அண்ணே. இன்னும் தாண்டல. தாண்டாமலே வச்சுக்கலாம். ஒடம்ப அசைக்கணும், இனிப்புத் தண்ணி வேணாம்." உறுதிப்படுத்த நரம்பிலும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம்.

கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் தெரிகிறதா என்று உள்ளங்காலை நூலால் தொட்டார். பத்து இடம். பத்தும் சொன்னேன். பிறகு புண்ணைத் துடைத்தார். வலித்தது. நன்றாக வலித்தது. அழுதேன். "அவ்வளவு வலியா?" என்று கேட்டார். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஆறும்வரை மூடின சப்பாத்து கூடாது.

 பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். தன்னால் வந்தது என்று நினைக்கிறாரோ?

ஜூலை 15, செவ்வாய்

மந்தாரம். சா. அக்காவுக்கு மெசேஜ்: புண் ஆறியதும் வருகிறேன், சரியான சப்பாத்து வீட்டிலேயே இருந்தது. ஜிம்மில் சேர்ந்த காரணத்தையும் எழுதினேன், மூன்று முறை அழித்து. பதில்: "எங்கம்மாவுக்கும் இனிப்புநீர் இருக்கும்மா. வா, மெதுவா இழுப்போம்."

அப்பாவின் கால் பார்த்து முடிந்தது. கண்ணாடியை எடுத்து வைக்கப் போனேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ஒன் காலக் காட்டு."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நீட்டினேன். பிளாஸ்டரை அவரே பிரித்தார். குனிந்து கண்ணாடியைச் சாய்த்தார்.  

"சிவப்பு?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு," என்றார். "ஓரத்துல. நாளைக்கும் பாப்போம்."