ப்ரொயெட்டி என்ற பெயருக்கு ஓர் ஆட்சேபம்

தெர்னி,
19 அக்டோபர் 2003, ஞாயிறு.

மிலான் நகரில் வசிக்கும் வழக்கறிஞர் ஃபாவுஸ்தோ ப்ரொயெட்டி அவர்களுக்கு அக்கா மிரெல்லா எழுதிக்கொள்வது. இந்தப் பெயருக்கு இன்னும் எத்தனை நாள் கடிதம் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. சேரும்போதே எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு இரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கி இருக்கிறது. கோடை வெயிலில் ஆலிவ் எல்லாம் மரத்திலேயே வதங்கிப் போயிற்று. எண்ணெய் குறைவாகத்தான் வரும். ஆனாலும் வழக்கம்போல உனக்கு ஐந்து லிட்டர் எடுத்து வைக்கச் சொன்னார் அப்பா. இது போன வாரம் திங்கட்கிழமை வரை. செவ்வாய்க்குப் பிறகு அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் வைக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று உன்னை யாரும் கூப்பிட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டுக்கொள். பெயரை மாற்ற நீ கொடுத்த மனுவின் சுருக்கம் மிலானில் மட்டும்தான் ஒட்டப்படும் என்று நினைத்தாயா? பிறந்த ஊரிலும் முப்பது நாள் தொங்கவேண்டும். சட்டம் படித்தவன் நீ. அப்பா இரண்டு ஷிப்டு உலைச்சூட்டில் வெந்து படிக்கவைத்த சட்டத்தில் இந்த ஒரு வரி உன் கண்ணில் படவில்லை.

அப்பாவின் காலை நடை உனக்குத் தெரியும். முதலில் சுவரில் ஒட்டிய மரண அறிவிப்புகள். யார் போனார்கள், அடக்கம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பார். அப்புறம் நகராட்சிப் பலகை. அப்புறம் எலியோவின் காபிக் கடையில் சீட்டாட்டம். அன்றைக்குப் பலகையில் உன் காகிதம் தொங்கியது. காட்டுப்பன்றி வேட்டை அறிவிப்பு ஒன்றை யாரோ அதன்மேல் குத்திவைத்ததில் கீழ்ப்பாதி மறைந்திருந்தது. மேலே தெரிந்தது இவ்வளவுதான்: ஃபாவுஸ்தோ ப்ரொயெட்டி என்பவர், தம் குடும்பப் பெயர் வெட்கத்துக்குரியது என்பதாலும், தகப்பன் பெயர் தெரியாத பிறப்பைக் காட்டிக்கொடுப்பது என்பதாலும், அதை மாற்றிக்கொள்ள அனுமதி கோருகிறார்.

அது நீதான் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு ப்ரொயெட்டியின் தலையில்தான் விழும். தொலைபேசிப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக நாம்தான். நம் கட்டடத்தின் வாசலிலேயே நான்கு அழைப்பு மணிகளில் ஒரே பெயர். என் வகுப்பில் ஆறு பேர் இருந்தோம். டீச்சர் எங்களை எண் போட்டுத்தான் கூப்பிடுவாள். ஃபாவுஸ்தோ ப்ரொயெட்டி என்றே எனக்குத் தெரிந்து நான்கு பேர் இருக்கிறார்கள். அதனால்தானே ஊரில் நமக்குச் 'செவிட்டு வீட்டார்' என்று ஒரு பட்டப்பெயர் இருக்கிறது.

அப்பா சிரித்துக்கொண்டே கடைக்குள் போனாராம். "டேய், சீட்டைக் கீழ வையிங்க! பலகையில ஒரு கூத்து தொங்குது, பாத்தீங்களா? நம்ம பேரு வெக்கக்கேடாம்! எந்த வீட்டு மகராசன்டா இவன்? பெத்தவன் தலையில துண்டப் போட்டுக்கிட்டுத்தான் தெருவுல நடக்கணும்!" என்றாராம். கடையே சிரித்ததாம். தச்சன் வீட்டு ஃபாவுஸ்தோவாகத்தான் இருக்கும் என்று ஒருவர், பாலத்தடி ஃபாவுஸ்தோதான் என்று இன்னொருவர். பந்தயம்கூடக் கட்டினார்களாம். "எவனா இருந்தாலும் அவன் அப்பன நெனச்சா பாவமா இருக்குய்யா" என்று சொன்னதும் நம் அப்பாதான்.

பந்தயத்தைத் தீர்க்க எலியோ எழுந்து போய் வேட்டைக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, அப்பாவைப் பார்த்து, "நஸ்ஸரேனோ, பொறந்த தேதி ஒம்பது மார்ச் அறுபத்தொண்ணு" என்று மட்டும் சொன்னாராம். அப்புறம் காபி இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாராம். அப்பா கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். இத்தனையும் எனக்கு ரொட்டிக் கடைக்காரி சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து அப்பா அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. இறந்தவர்கள் பெயரைக்கூடப் படிப்பதில்லை.

நான் போய் முழுவதையும் படித்தேன். நீ பிடித்திருக்கும் புதுப் பெயரையும் படித்தேன். அதை என் கையால் எழுதமாட்டேன்.

ப்ரொயெட்டி என்றால் எறியப்பட்டவன். ஆமாம். இங்கே இருப்பவர்களுக்கு அது தெரியாதா என்ன? அம்மாக்காரி பெற்ற பிள்ளையை மருத்துவமனைச் சுவரில் இருந்த மரச்சக்கரத்தில் வைத்து, சுற்றிவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடிப்போவாள். உள்ளே இருந்த கன்னிகாஸ்திரீ குழந்தையை எடுத்து, அன்றைய புனிதரின் பெயரோடு இதையும் சேர்த்து எழுதிவைப்பாள். ரோமில் இருந்து இங்கே வரை இத்தனை ஆயிரம் பேர் இருப்பது அப்படித்தான். ஒருவருக்கொருவர் சொந்தமில்லாத ஒரே குடும்பம். மிலானில் உன் மாமியார் வீட்டில் யாருக்காவது இந்தப் பெயரின் அர்த்தம் தெரியுமா? தெரிந்திருக்காது. முத்திரைத் தாள் வாங்கி எழுதி ஒட்டி நீதான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். கெட்டிக்காரன்!

நானும் சும்மா இருக்கவில்லை. ஆட்சேபம் எழுதிவிட்டேன். எங்கள் பெயரை வெட்கத்துக்குரியது என்று அரசாங்கக் காகிதத்தில் எழுத நீ யார் என்று கேட்டிருக்கிறேன். பதினேழு ப்ரொயெட்டிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பாலத்தடி ஃபாவுஸ்தோதான் முதல் கையெழுத்து. உன்னால் ஒரு நாள் முழுக்க அவன் மனைவி அவனோடு பேசவில்லையாம்.

பதினெட்டாவது கையெழுத்துக்குத்தான் அப்பாவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனாவைக் கொடுத்தேன். வாங்கவில்லை. தாத்தாவின் அப்பா ஒரேஸ்தேயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

ஒரேஸ்தே சக்கரத்தில் வந்தவர் என்பது உனக்கும் தெரியும். மலைமேல் ஒரு பால்தாய் வீட்டில் வளர்ந்தார் என்பதும் தெரியும். எனக்கே தெரியாத ஒன்றை அப்பா சொன்னார். அந்த வீட்டார் அவருக்குத் தங்கள் பெயரையே கொடுக்க வந்தார்களாம். மகனாக எழுதிக்கொள்கிறோம், நிலத்திலும் பங்கு உண்டு என்றார்களாம். இருபது வயதில் ஒரேஸ்தே மாட்டேன் என்றுவிட்டாராம். அப்பா சொன்னபடியே எழுதுகிறேன்: "பேர மாத்திக்கிட்டா, என்னிக்காவது எங்கம்மா தேடி வந்தா என்னை எப்படிக் கண்டுபிடிப்பா? சக்கரத்துல வச்ச பிள்ளைக்கு இந்தப் பேருதான் போடுவாங்கன்னு மட்டும்தான அவளுக்குத் தெரியும்னு கேட்டாராம்மா. எண்பது வயசு வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தாரு மனுஷன். ஒருத்தியும் வரல."

சொல்லிவிட்டு மடித்த காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "புதுப் பேரு என்னன்னு போட்டிருக்கான்? நான் அன்னிக்குக் கீழ்ப்பாதியப் பாக்கலம்மா. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, மிலான் டெலிபோன் புத்தகத்துல அவன எந்தப் பேர்ல தேடுவ? எழுதிக் குடு. நான் சட்டைப்பையில வச்சுக்கறேன்."

உன்மேல் எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மூடிவிட்டேன், ஃபாவுஸ்தோ. எழுபத்து மூன்று வயதில் அவரை வாசலைப் பார்க்க வைத்துவிட்டாயே! நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவனே வந்து சொல்வான், அப்பா என்றேன். உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய்யாக அது இருக்கட்டும்.

ஆட்சேபம் கொடுக்க நவம்பர் எட்டாம் தேதியோடு கெடு முடிகிறது. எழுதியது இன்னும் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. இரண்டாம் தேதி ஞாயிறு, இறந்தோர் நாள். அம்மாவின் கல்லறைக்கு அப்பாவும் நானும் செவ்வந்திப் பூவோடு பத்து மணிக்குப் போவோம். அங்கே வா. இல்லை, நம் வீட்டு வாசல் மணியை அழுத்தினாலும் சரி, அதில் பழைய பெயர்தான் இருக்கிறது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அந்தப் புதுப் பெயரை உன் வாயால் சொல். சொல்ல முடிந்தால், பதினேழு கையெழுத்தையும் உன் கண்முன்னே நானே கிழித்துப் போடுகிறேன்.

எந்தப் பெயரில் இருந்தாலும் கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும். அப்பா கண்டுபிடிக்கிற தூரத்தில் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
மிரெல்லா ப்ரொயெட்டி.