ஒதியங்கட்டை

2.2.1986, ஞாயிறு

பூசை முடிந்து வந்து இலை போடுவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். புஷ்பத்துக்குக் கல்யாணம் மே பதினான்கு என்று முடிவாகிவிட்டது. தவக்காலம் கழிந்து, ஈஸ்டர் கழிந்து, நிதானமாகச் செய்யலாம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. வடையை இரண்டாம் முறை தானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கேட்டுச் சாப்பிடுகிறவனிடம் கள்ளம் இருக்காது என்பது என் கட்சி.

பந்தல் எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "இத்தன எடம் கெடக்குது, மண்டபம் என்னாத்துக்குங்க? இங்கயே போட்டுடலாம்" என்றார். சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தவர் கட்டையில் தடுக்கி, கறிவேப்பிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சம்பந்தி விழுந்தால் சம்பந்தமும் அல்லவா விழுந்திருக்கும்!

அது ஒதிய மரத்தின் கட்டை. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய மூத்த தாரம் லூர்து மேரி அக்காவுக்கும் கல்யாணம் நடந்தபோது பந்தக்காலாக நட்ட ஒதியங்கொம்பு அது. பந்தலைப் பிரித்தவர்கள் அதை மட்டும் பிடுங்காமல் விட்டிருக்கிறார்கள், வேர்பிடித்து மரமாகிவிட்டது. ஒதிக்கு அதுதானே வேலை, ஒடித்து நட்டால் போதும். அக்கா காய்ச்சலில் போய்ச்சேர்ந்து, நான் புஷ்பத்துக்குச் சித்தியாக இந்த வீட்டுக்கு வந்தபோது மரம் கூரையைத் தாண்டியிருந்தது. போன வருஷம் கம்பியில் உரசுகிறது என்று கரண்டுக்காரர்கள் அறுத்துப் போட்டார்கள். கிளைகளைப் பக்கத்து வீட்டு நஞ்சப்பன் வேலி போட எடுத்துப் போனார். கட்டை மட்டும் தோட்டத்துக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது.

"பந்தலுக்கு முன்னால அத தோண்டி எடுத்துடலாங்க" என்றேன்.

"பாக்கலாம்" என்றார் இவர்.

இவர் அகராதியில் பாக்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். பதினோரு வருஷமாக இந்தப் பாஷையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கா தெரியாது?

கரண்டு இல்லை. இதையும் அந்தக் கட்டைமேல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

11.2.1986

நாளைக்குச் சாம்பல் புதன். இன்றே கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். இவர் நன்றாகச் சாப்பிட்டுக் கையை நக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மறுபடி கேட்டேன். "பாக்கலாம்."

கோழி வீண்.

அந்திக்கு நஞ்சப்பன் பெண்சாதி மாதம்மாள் வெற்றிலைப் பையோடு வந்தாள். வழக்கம்போல இரண்டு பேரும் கட்டைமேல் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து பேசினோம். "ஒதி பெருத்தா உத்தரத்துக்கா ஆவும்? அடுப்புக்குக்கூட ஆவாது. இத எதுக்குக்கா அண்ணன் கட்டிக்கிட்டு அழுவறாரு?" என்றாள்.

எதற்கா? எதற்கென்று எனக்குத் தெரியும். அக்காவின் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு நான்தான் துடைத்துப் பூப் போடுகிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படம் சுவரில் இருக்கிறது, என் காலை இடறுகிறதா? ஆனால் தோட்டத்து நடுவில், நான் தண்ணீர் ஊற்றும் செடிகளுக்கு மத்தியில், அவர்களுடைய பந்தக்கால் இன்னும் நின்றுகொண்டிருந்தால் நான் எங்கே நிற்பது?

எழுதிவிட்டேன். எழுதின பிறகு பார்த்தால் அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

20.2.1986

இடறிவிட்டேன். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

5.3.1986

இவர் தோண்டாவிட்டால் என்ன, பட்டுப்போக வைத்தால் தானாக உளுத்து விழும் என்று ஒரு யோசனை பண்ணினேன். பத்து நாளாக யாரும் பார்க்காதபோது வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றிக்கொண்டு வந்தேன். அடுப்படியிலிருந்து வீங்கின காலோடு நொண்டி நொண்டிப் போவதற்குள் அது ஆறிப்போகும் என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

இன்று காலையில் பார்க்கிறேன், கட்டையைச் சுற்றிச் செக்கச்செவேல் என்று துளிர்! மாதம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு என்னாக்கா போட்டீங்க? எங்க அவரைக்கொடிக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்கிறாள்.

14.3.1986, வெள்ளி

சண்டை. அதுவும் சிலுவைப்பாதை முடிந்து வந்த கையோடு. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பந்தல்காரர் வந்து இடத்தை அளந்தார். "கட்டைய எடுத்தா ரெண்டு பந்தி நேரா போவும். இல்லாட்டி கோணப் பந்தல்தாங்க" என்றார். இவர் தாடையைச் சொறிந்தார். "பாக்கலாம்."

பந்தல்காரர் வெளிப்படலைத் தாண்டும்வரைதான் பொறுத்தேன். அப்புறம் கொட்டிவிட்டேன். "என்னாத்த பாக்கப்போறீங்க? அக்கா ஞாபகமா வச்சிருக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்! நான் என்ன வேணாங்கறனா? பதினோரு வருசமா நானும் இந்த வூட்லதான கெடக்கறேன்!"

அவர் என்னைப் பார்த்த பார்வை! சந்தையில் கன்றைத் தொலைத்தவர் மாதிரி முழித்தார்.

"ஏ புள்ள, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? நீதான தெனைக்கும் அந்தியில அதும்மேல குந்திக்கிட்டு மாதம்மாகூட பேசற. காலையில அதும்மேல குந்திதான் காப்பி குடிக்கற. என்னமோ எழுதறதும் அங்கதான். வாய்ல எடுங்கற, அந்திக்கு வந்து பாத்தா அதும்மேலயே உக்காந்திருக்கற. எடுத்துப்புட்டா எங்க குந்துவேன்னு என்மேல பாயுவியேன்னுதான் சும்மா இருந்தேன்."

நான் குனிந்து பார்த்தேன். அந்தச் சண்டையையும் நான் அதன்மேல் உட்கார்ந்துதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் அவர் சிரித்தார். பிறகு நான். சிலுவைப்பாதை முடிந்து வந்தவர்கள் மாதிரியா இருந்தோம்?

சிரித்து ஓய்ந்த பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். "அவ போன வருசமே நான் அந்த மரத்த வெட்டிப்புடலாம்னு கோடாலி எடுத்தேன். புஷ்பந்தான் மரத்தக் கட்டிக்கிட்டு அழுதா. அத்தோட விட்டுட்டேன்."

ஓகோ. அப்படியானால் அது இவருடையது இல்லை. புஷ்பத்தினுடையது.

15.3.1986

ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. ஒன்பது வயசுப் பிள்ளை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றது கண்முன்னே வருகிறது. என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. போன வருஷம் கரண்டுக்காரர்கள் அறுத்தபோதுகூட டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்வந்து, பார்த்து, பேசாமல் உள்ளே போனாள். நானோ தொல்லை கழிந்தது என்று மாதம்மாளிடம் சிரித்தேன்.

கட்டை அங்கேயே இருக்கட்டும். கோணப் பந்தல் போட்டால் கல்யாணம் கோணிவிடுமா? கல்யாணப்பெண் மனசு கோணக்கூடாது, அவ்வளவுதான். பந்தல்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.

23.3.1986, குருத்து ஞாயிறு

கோயிலிலிருந்து குருத்தோலையோடு வந்தோம். புஷ்பம் ஓலையில் சிலுவை மடித்துக்கொண்டே, "ஏன் சித்தி, பந்தல் கோணலாவாமே? கட்டைய எடுக்க வேணாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்?" என்றாள்.

"இருக்கட்டும்மா. உங்க அம்மா கல்யாணத்துப் பந்தக்கால்."

அவள் ஓலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப நான் சின்னப் புள்ள சித்தி. அம்மா மரத்துக்குள்ள இருக்கறாங்கன்னு யாரோ சொல்லிப்புட்டாங்க. இப்பவும் அப்படியே நெனச்சிக்கிட்டிருப்பனா? மாப்பிள்ள வூட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா தடுக்கி விழுந்தா எனக்குல்ல பேரு!"

அப்புறம் சிரிக்காமல் சொன்னாள்: "நீங்க என்கிட்டயே கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம்தான். இந்த வீட்டில் மூன்று பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு, ஒன்றுக்கும் ஆகாத ஓர் ஒதியங்கட்டையைக் காவல் காத்திருக்கிறோம்!

5.4.1986, சனி

இன்றைக்கு மாதிரி நான் சிரித்து எத்தனையோ காலம் ஆகிறது. விலா வலிக்கிறது.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை கட்டையைத் தோண்டுவது என்று பேசி வைத்திருந்தோம். முதல் மண்ணைப் புஷ்பமே கடப்பாரையால் குத்தி எடுத்தாள். பிறகு இவரும் நஞ்சப்பனும் சுற்றிலும் குழி பறித்தார்கள். பக்க வேர்களைக் கோடாலியால் வெட்ட வெட்ட பிசின் ஒழுகியது. மத்தியானம் ஆகியும் கட்டை அசைகிறதே தவிர எழுந்திருக்கவில்லை. ஏதோ ஒரு வேர் மட்டும் கீழே எங்கேயோ கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

நஞ்சப்பன் கரும்பு ஏற்றப்போகிற டிராக்டரைப் பின்னால் திருப்பி நிறுத்திச் சங்கிலி கட்டினார். ஒரு முறை இழுத்தார், வரவில்லை. இரண்டாம் முறை முன்சக்கரம் தூக்கிக்கொண்டது. மாதம்மாள் "அய்யய்யோ, எறங்குயா!" என்று கூவினாள். இவருக்கு வெறுத்துவிட்டது. "இது வராது. சங்கிலிய அவுத்துடு நஞ்சப்பா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். எங்கள் குளியலறை என்பது தோட்டத்து ஓரத்தில் நான்கு கால் நட்டு ஓலைத்தட்டி கட்டியது, அவ்வளவுதான்.

நஞ்சப்பனுக்கு ரோசம். "இன்னும் ஒரே ஒரு இழு அக்கா" என்றார். இழுத்தார்.

பல் பிடுங்கினாற்போல் கட்டை வெளியே வந்தது. பின்னாலேயே நீளமாக ஒரு வேர், மண்ணைக் கிழித்துக்கொண்டு தோட்டத்தின் குறுக்கே எழுந்தது. அது எங்கே போய் முடிந்தது? இத்தனை வருஷம் அது தண்ணீர் குடித்தது குளியலறைக்கு அடியில்! தட்டியின் இரண்டு கால்கள் சாய்ந்தன. தட்டி மெல்ல, மரியாதையாக, விழுந்தது. நடுவில் இவர். தலையெல்லாம் சோப்பு நுரை, இடுப்பில் துண்டு, கையில் சொம்பு.

"வந்துருச்சா?" என்று கேட்டார், கண்ணைத் திறக்காமலே.

அவ்வளவுதான். மாதம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஓடினாள். நஞ்சப்பன் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் குலுங்கினார். புஷ்பம் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அப்படியே இரண்டு பேரும் குழி ஓரத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டோம். பதினோரு வருஷத்தில் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. நான் அசையாமல் இருந்தேன், அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று.

6.4.1986

காலையில் கட்டையைக் காணோம். தேடினால், முருங்கை மரத்தடியில் தலையை மட்டமாகச் சீவி, ஆடாமல் கல் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார். "நீ குந்தறதுக்கு" என்றார். தட்டியை இன்னும் கட்டவில்லை. அது பாக்கலாம்.

11.5.1986, ஞாயிறு

இன்று பந்தக்கால். நஞ்சப்பன் தன் வேலியிலிருந்து நல்ல கொம்பாக ஒன்று வெட்டிவந்தார். போன வருஷம் எங்கள் மரத்துக் கிளையைத்தானே அவர் வேலியில் நட்டார்? எல்லாம் பிழைத்துத் தழைத்து நிற்கிறது. "வூட்டுப் பொருளு வூட்டுக்கே வந்துருச்சு" என்றார். நடுவதற்கும் பழைய கட்டைக் குழிதான், மண் மெத்தென்று இருந்தது.

கால் நடும்போது பெண்ணின் அம்மா தொட்டு நட்டுப் பால் ஊற்ற வேண்டும். அது எங்கள் வழக்கம். நேற்றிலிருந்தே எனக்கு அதே யோசனை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள், அக்காவின் தங்கச்சி குழந்தையம்மாளும் வந்திருக்கிறாள். ரத்த சம்பந்தம். அவள் ஊற்றுவதுதான் முறையாக இருக்கும் என்று நானே முடிவு பண்ணி, அடுப்படியில் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கிண்ட வேண்டிய அவசியமே இல்லை, இறக்கி வைத்தாயிற்று.

வெளியே உபதேசியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பது கேட்டது. பிறகு புஷ்பத்தின் குரல்.

"சித்தி வரட்டும். சித்தி வராம கால் நடக்கூடாது."

நான் கரண்டியோடே போய் நின்றேன். குழந்தையம்மாள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு பால் சொம்பைக் கொடுத்தாள். கொம்பைப் பிடித்தேன். பக்கத்தில் புஷ்பமும் பிடித்தாள். நான் பாலை ஊற்றினேன். பாதி என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

15.5.1986

போய்விட்டாள். பந்தல் நேராக இருந்தது, யாரும் தடுக்கி விழவில்லை. அழுதேன். பிறகு மிச்சமிருந்த லட்டைத் தின்றேன்.

22.6.1986, ஞாயிறு

ஓசூரிலிருந்து புஷ்பமும் மாப்பிள்ளையும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை, தோட்டத்தில் நின்று கத்தினாள். "சித்தி! ஓடி வாங்க! இத பாருங்க!"

பந்தல்காரர் மற்றதையெல்லாம் பிரித்துக்கொண்டு போய்விட்டார். பந்தக்கால் மட்டும் நின்றுகொண்டிருந்தது. போன வாரம் பெய்த மழை. உச்சியில் செக்கச்செவேல் என்று துளிர்.

புஷ்பம் இரு கையிலும் ஏந்தித் தண்ணீர் கொண்டுவந்து அடியில் ஊற்றினாள். மாப்பிள்ளை மூன்றாவது வடையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இவர் முருங்கைக்கடியில் என் கட்டைமேல் உட்கார்ந்து தாடையைச் சொறிந்தபடி அதையே பார்த்தார்.

"தோட்டத்துக்கு நடுவுல நிக்குது. மறுபடி பெருசாச்சுன்னா வம்பு. இப்பவே புடுங்கிப்புடலாமா புள்ள?" என்றார்.

"பாக்கலாம்" என்றேன்.