மைதானத்தில் ரயிலுக்கு ஒதுங்கியவன்

கல் இல்லை. உன் ஷூவுக்குள் கல் ஏறவே இல்லை. செத்துப்போய்விட்டாய் என்பதற்காக நீ சொன்ன பொய்யை நான் மெய் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

இன்று காலை எனக்கு அத்தாட்சியே கிடைத்துவிட்டது. சர்க்கரை வியாதிக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம், பேத்தி ஒரு கேன்வாஸ் ஷூ வாங்கி மாட்டிவிட்டிருக்கிறாள். விழுப்புரம் ரயில்வே மைதானத்தைச் சுற்றி வரும்போது உள்ளே ஒரு கல் ஏறிக்கொண்டது. என்ன செய்தேன்? நின்றேன். குனிந்தேன். கயிற்றை அவிழ்த்தேன். வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கவிழ்த்துக் கொட்டினேன். கல் ஏறினால் மனுஷன் குனிவான். மதராஸில் அன்றைக்கு நீ குனியவில்லை. பார்த்தவன் நான். உனக்கு முன்னால்தான் நின்றிருந்தேன்.

நாற்பது வருஷம் ஒரே பல்லவி. "ஷூல கல்லுடா, அதான் நின்னேன். உனுக்கு ஏன்டா இவ்ளோ பேஜாரு?" என்பாய். நீ எட்டாவது படித்தவன், நான் மூணாவது. அதனால் நீ சொன்னது செல்லுபடியாகிவிட்டது. இனிமேல் ஆகாது. இந்தக் கடிதத்தில் பேசப் போகிறவன் நான் ஒருத்தன்தான்.

நாம் சந்தித்ததே சண்டையில்தான். நான் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் கீமேன். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் இரும்புச் சாவிகள் ரயிலின் அதிர்ச்சியில் நழுவும். தினமும் காலையில் சுத்தியலும் கொடியுமாக லைனில் நடந்து, நழுவியதை அடித்து இறுக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஒரு நாள் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் அரை டிராயரும் பனியனுமாக நெட்டையாய் ஒருத்தன், இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக்கொண்டு வருகிறான். லோகோ ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்த நீதான்.

"யோவ், ஏன்யா ஓட்ற? மாடு மெரண்டுடுச்சா?" என்றேன்.

"நான் எங்கடா ஓட்றேன்? நீதான் ஓட்ற. ரெண்டு மைலா உன்னத் தாண்டப் பாக்கறேன், முடியல."

"நான் டூட்டி பாத்துக்கினு இருக்கேன்யா. சுத்தியல தூக்கிக்கினு எவனாவது ஓடுவானா?"

நடைப் பந்தயம் என்று ஒன்று உண்டு, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இரண்டும் எழும்பினால் ஆளை வெளியேற்றிவிடுவார்கள் என்று நீ விளக்கினாய். நான் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். "நடக்கறதுக்குப் பந்தயமா? தூங்கறதுக்கு வெச்சா சொல்லு, எங்க மேஸ்திரிய அனுப்பறேன்."

நீ சிரிக்கவில்லை. ஏற்கெனவே ஒரு போட்டியில் கால் எழும்பி, சிவப்புக் கொடி வாங்கி வெளியே வந்தவன் நீ என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை ரயில்வே மைதானத்துக்குக் கூட்டிப் போனாய். அங்கே இருந்தவர்கள் எல்லாம் மாகாணத்தில் பெயர் வாங்கின ஆட்கள். தடை தாண்டி ஓடுவதில் ஆங்கிலோ இந்தியன் டிரைவர் ரோலண்டை மிஞ்ச மதராஸ் வரைக்கும் ஆள் கிடையாது. வாசலில் இருந்த காவல்காரன் என் காலைப் பார்த்தான். ஷூ இல்லை. வேட்டியைப் பார்த்தான். "கேங்கு ஆளுக்கு இங்க இன்னா வேல?" என்றான். நீ சண்டை போடவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு வெளியே ரோட்டில் என்னோடு நடக்க ஆரம்பித்தாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை அப்படியே போயிற்று. நாலாவது வாரம் ரோலண்டே வாசலுக்கு வந்து, "கம் இன், மேன். சாம்பியன் ரோட்ல வாக் பண்றான், நாங்க உள்ள ஆடறோம், வெட்கமா இருக்கு மேன்" என்று இரண்டு பேரையும் உள்ளே இழுத்தான். என் நடையைப் பார்த்துவிட்டு, "கீமேன், நீ வாத்து மாதிரி போறே மேன், ஆனா ஜல்தியா போறே" என்றான். பாராட்டா வசவா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மைதானத்தில்தான் என் குறை தெரிந்தது. அஞ்சு வருஷம் தண்டவாளக் கட்டை மேல் மிதித்தே நடந்த கால், கட்டைக்குக் கட்டை என்ன இடைவெளியோ அதற்கு மேல் ஒரு விரல்கூட நீளவில்லை. வெறும் புல்தரையிலும் இல்லாத கட்டையைத் தேடித் தேடி மிதித்தது. அன்றைக்கு எனக்குக் 'கட்டை' என்று பெயர் வைத்தாய். வைத்ததோடு விட்டாயா? தரையில் சுண்ணாம்பால் கோடு கோடாகப் போட்டு, வாராவாரம் இரண்டு விரற்கடை தள்ளித் தள்ளிப் போட்டாய். என் கால் என்னை அறியாமல் நீண்டது. உன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒரே ஆளை நீயே சுண்ணாம்பு பூசி உண்டாக்கினாய், மடையா.

நானும் சும்மா இல்லை. உன் குறையை என் காதால் பிடித்தேன். லைனில் திரிந்தவனுக்குச் சத்தம் தெரியும். இரண்டு காலும் எழும்பினால் காலடிச் சத்தம் ஒரு கணம் அறுந்துபோகும். நான் உனக்கு முன்னால் நடப்பேன், நீ பின்னால். அறுந்தால் திரும்பாமலே கத்துவேன்.

"அறுந்துச்சி!"

"இல்லடா!"

"அறுந்துச்சிடா! என் காது பொய் சொல்லுமா? மறுபடியும் அறுந்துச்சி பாரு!"

ஒரு வருஷம் கத்தியபின் உன் சத்தம் அறுவதை நிறுத்தியது. மடியில் அவித்த மல்லாட்டையைக் கட்டிக்கொண்டு, கடலைத் தோலை உரித்துப் போட்டபடியே விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை லைன் ஓரமாகவே இரண்டு பேரும் நடப்போம். அங்கே உன் வீட்டில் உன் தங்கச்சி கேப்பைக் கூழ் ஊற்றுவாள். ரோலண்ட் முட்டையாக விழுங்கிக்கொண்டிருந்தான், நாம் கூழில் ஒலிம்பிக்ஸ் போகப் பார்த்தோம்.

ஆமாம், ஒலிம்பிக்ஸ். அந்த வார்த்தையை நீ தனியாகச் சொல்ல மாட்டாய். "அங்க" என்பாய். "அங்க ரோடு எப்பிடி இருக்குமோ." "அங்க குளுருமாண்டா." முதலில் ஜப்பான் என்றார்கள், அப்புறம் எங்கேயோ பனி பெய்யும் தேசம் என்றார்கள். திண்டிவனத்து வெயிலில் ஸ்வெட்டர் பின்னச் சொல்லித் தங்கச்சியை நச்சரித்தாய். அவள் ஊசியும் நூலுமாக வேர்த்துக் கொட்டிக்கொண்டு, "அண்ணா, நீ மொதல்ல மதராஸ் போய் ஜெயி, அப்புறம் குளுரட்டும்" என்பாள். நீ கேட்கவில்லை. பழுப்பு நிறத்தில், முழுக்கை வைத்து, உன் நீளத்துக்கு ஒன்று தயாராயிற்று.

மதராஸில் பத்து மைல் நடை. அதில் முதலாவதாக வருகிறவன் ஒருத்தன்தான் வடக்கே கடைசித் தேர்வுக்குப் போவான், அங்கிருந்து கப்பல். ஒரே இடம். ரயிலில் போகும்போது நான் கேட்டேன், "நானும் நீயும் கடைசியில ஒண்ணா வந்தா?" நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "நான் உடமாட்டேன்டா. உன்னத் தாண்டித்தான் போவேன். நீயும் உடாத" என்றாய். அந்த வார்த்தையில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். என்னை ஆளாக மதித்தால்தானே அப்படிச் சொல்வாய்.

ஒன்பது மைல் முடிந்தபோது மற்றவர்கள் எங்கேயோ பின்னால். நான் முன்னால், நாலு எட்டுப் பின்னால் நீ. உன் காலடி அறாமல் வந்துகொண்டிருந்தது. நடுவர் கொடியைத் தூக்கவே இல்லை. கடைசிச் சுற்று, நூறு கஜம் இருக்கும். அந்த மைதானத்துக்கு ஒரு பக்கம் ரயில் லைன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் என் காலுக்குத் தெரியவில்லை.

வண்டி விசில் அடித்தது.

லைனில் இருக்கும் கீமேன் விசில் கேட்டால் யோசிக்கக் கூடாது. யோசித்தவன் வீடு திரும்ப மாட்டான். என் வலது கால் கோட்டுக்கு வெளியே போயிற்று. அடுத்த காலும் போயிற்று. புல்லில் ஒதுங்கி, விறைப்பாக நின்று, வண்டி வரும் திசையைப் பார்த்து, கொடி இல்லாத வெறுங்கையைப் பச்சைக் கொடி பிடித்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்தேன். ஜனங்கள் சிரித்த சிரிப்பு வண்டிச் சத்தத்தை அமுக்கிவிட்டது. எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒன்றுதான் கேட்டது. பின்னால் வந்த உன் காலடி நின்றுபோயிற்று.

நீ என்னைத் தாண்டியிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் கப்பல். நீ கோட்டுக்குள்ளேயே நின்றாய். குனியவில்லை. ஷூவைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். தொட்டால் இரண்டு பேரையும் தள்ளிவிடுவார்கள் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"கட்ட! வண்டி போயிடுச்சிடா. லைன் கிளியர். ஏறு!"

வெளியே போன இடத்திலேயே ஏறினேன், நடுவர் தடுக்கவில்லை. அப்புறம் நீ என்னை விடவில்லை, அது சத்தியம். உன் மூச்சு என் முதுகில் பட்டது. ஒரு முழம் முந்தி நான் நாடாவைத் தொட்டேன். ரோலண்ட் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏன் மேன் நின்னே? ஏன் மேன்?" என்று உன்னை உலுக்கினான். அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னாய், "ஷூல கல்லு" என்று.

திண்டிவனத்தில் இறங்கும்போது ஸ்வெட்டரை என் மடியில் போட்டாய். "அங்க குளுரும்" என்றாய். தங்கச்சி முகத்தை நினைத்து நான் வேண்டாம் என்றேன். "உனுக்குக் கை நீளமா இருக்கும், மடிச்சி உட்டுக்கோ" என்று மட்டும் சொன்னாய்.

சில மாசத்தில் உலகச் சண்டை வந்தது. வடக்குமில்லை, கப்பலுமில்லை, ஒலிம்பிக்ஸுமில்லை. யாருக்கும் இல்லாத இடத்தைத்தான் எனக்கு விட்டுக் கொடுத்தாய் என்று எத்தனையோ தடவை உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் கிண்டலில்கூட நான் நேராகச் சொல்லவில்லை. நீ நின்றபோது அது யாருக்கும் இல்லாத இடமாக இல்லை. அது முழு இடம். அதில் உன் ஸ்வெட்டரும் இருந்தது.

சண்டை ஓய்ந்து லண்டனில் மறுபடி ஒலிம்பிக்ஸ் நடந்த வருஷம் நமக்கு வயசு போயிருந்தது. நீ டிரைவர், நான் திண்டிவனம் கேங்கில் மேஸ்திரி. டீக்கடையில் ஒருத்தர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். உன் எஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. "டேய், அந்த மதராஸ் எடம் இருக்கே, அது..." என்று ஆரம்பித்தேன்.

"தண்ணி ரொம்பிடுச்சி. நான் வர்றேன்" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு எப்போது ஆரம்பித்தாலும் உனக்கு ஏதாவது ஒரு வேலை. போன ஆவணியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆரம்பித்தேன். கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தாய். எனக்குத் தெரியாதா?

உன்னால் எனக்குக் கிடைத்தது பெரிய பவிசு ஒன்றுமில்லை. என்னைவிட நல்லவன் ஒருத்தன் தன் கப்பலை நிறுத்தி எனக்காகக் காத்திருந்தான் என்கிற நினைப்பு. அதை வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் பயப்படாமல் பேசினேன், பிள்ளைகளை வளர்த்தேன், என் ஆட்களில் ஒருத்தன் பின்தங்கினால் நின்று கூட்டிப் போனேன்.

இப்போது உனக்கு டூட்டி கிடையாது. தண்ணீர் பிடிக்க எஞ்சின் கிடையாது. நல்லபடியாக உட்கார்ந்து கேள். முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அன்னிக்கி மதராஸ்ல நீ எனக்காக நின்னியே, அதுக்கு நான் உன்கிட்ட...

டேய், எங்கடா எழுந்து போற? நில்லுடா. இன்னும் முடிக்கல.