மூணு மரத்துக்கு மேல

ஒக்டோபர் 14, திங்கள்

காலை ஆறு மணிக்கே மழை. லயத்து வீட்டுக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. வாளி இரண்டு, சட்டி ஒன்று வைத்தாச்சு. பதுளைக் கடையில் தகரத்துக்குச் சொல்லியிருக்கு. புதன்கிழமை லொறி வருமாம்.

லீவில் வந்து ஒன்பதாம் நாள். அங்கே, வெளிநாட்டில் காட்டு மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் பாலைவன முகாமில், தினமும் பார்த்ததை எழுதிவைக்கணும். பதினொரு வருஷப் பழக்கம், இங்கேயும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

காற்று: இல்லை.
பார்த்தது: கீரி 1. மைனா எக்கச்சக்கம். அட்டை 4, எல்லாம் என் காலில்.

வீட்டுக்காரி சாந்தி தேயிலைக் கொழுந்தெடுக்கக் கிளம்பும்போது கேட்டாள், "அந்த வெறும் மணல்ல அப்படி என்னதாங்க இருக்கு?"

என்ன இல்லை? விடியற்காலையில் மணல்மேடுகளுக்கு நடுவே பனிமூட்டம், நம்ம ஹாலிஎலப் பள்ளத்தாக்கு தோற்கும். வண்டு நடந்த தடம் தையல் போட்ட மாதிரி நேராக. நரி பூனை அளவுதான், காதைப் பார்த்தால் பெரிய ஆள். முள்வால் உடும்பு வெயில் ஏறினால்தான் வளையைவிட்டு வரும். வரும்போது கறுப்பு, சூடேறினால் மஞ்சள். மணலுக்கும் மூணு நிறம்: காலையில் சாம்பல், மதியம் கண் கூசும் வெள்ளை, சாயங்காலம் செங்கல். ஒரு நாளும் அலுத்ததில்லை. இதெல்லாம் சொல்வதற்குள் அவள் பாதி மலை ஏறிவிட்டாள்.

சாயங்காலம் 4. நானாவின் குரல் செய்தி. முகாம் சமையல்காரர், பதுளை பஜார்க்காரர். "ராஜு, ஒங்கட கங்காணியம்மாவ மூணு நாளா காணல்ல. கடைசியா எங்க கண்டீங்கண்டு ரஃபீக் கேக்குறான்."

கங்காணியம்மா 19ஆம் நம்பர் ஓரிக்ஸ், பாலைவன மான். வெள்ளை உடம்பு, கறுப்புக் கால், நேரே நீண்ட இரண்டு கொம்பு. மந்தைக்கு முன்னால் நடப்பவள், அதனால் நான் வைத்த பேர். இப்போது நிறைமாசம். குட்டி போட ஒதுங்கியிருப்பாள், வேறென்ன. இடம் காட்டும் கழுத்துப் பட்டையில் பட்டரி செத்து ஒரு மாசம்.

லயத்தில் சிக்னல் இல்லை, தண்ணித் தாங்கிப் பக்கம்தான் வரும். குடையோடு ஏறிப் போய் இப்போது என் வேலையைப் பார்க்கும் ரஃபீக்குக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மூணு வன்னி மரம் (கோயில் வன்னியேதான் என்று முகாமில் ஒரு தஞ்சாவூர்க்காரர் அடித்துச் சொல்வார்), அதுக்கு மேல் பக்கம், ஒரு கிலோமீட்டர், சின்னப் பள்ளம். லீவுக்கு முந்தின நாள் அங்கேதான் குளம்பால் மணலைக் கீறி இடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குக் கிடைத்துவிடும். சந்தேகமே இல்லை.

15, செவ்வாய்

மழை விட்டு விட்டு. வாங்க: ஆணி, தார், சாந்திக்கு இருமல் மருந்து.

கிடைக்கவில்லையாம்! ரஃபீக் வந்து நாலு மாசம்தான். பங்களாதேஷ்காரன். கண் இருக்கா இல்லையா என்றே கேட்டுவிட்டேன். "சேர், அங்கே கல்லுத் தரைதான் இருக்கிறது" என்கிறான். கல்லுத் தரையா! நான் சொன்ன இடத்துக்கு இவன் போகவே இல்லை.

சாந்தி கீழே இருந்து, "நீங்க கத்துறது தோட்டத்துக்கே கேக்குது. பெறகு போன் எதுக்கு?"

சா. 5. மறுபடி நானா. "வியாழக்கிழம விடிய றோட்டு போட மெஷின் வருது. தெக்குப் பக்க மேட்டத் தட்டையாக்கப் போறாங்க. நீங்க சொன்ன எடம் வேற பக்கமாம், கரைச்சல் இல்லண்டு டொக்டரம்மா சொன்னாங்க."

நல்லது. வேற பக்கமாகவே இருக்கட்டும். பிறந்த குட்டி ஓடாது. தாய் விட்ட இடத்தில் கழுத்தை நீட்டிக் கிடக்கும், மணல் நிறத்தில். மெஷின் என்ன, மலையே வந்தாலும் அசையாது. ஒருமுறை காலை வைக்கப்போய்க் கடைசி நொடியில் பார்த்தேன்.

வடக்கு தெற்கெல்லாம் முகாமுக்குப் பொறுப்பான டொக்டரம்மா பாடு. எனக்கு மரம், மேடு, காற்று போதும். இத்தனை வருஷத்தில் வழி தவறியது கிடையாது.

16, புதன்

தகர லொறி பத்து மணிக்கு வரவேண்டியது. வந்தது பதினொன்றரைக்கு. டிரைவர் கொழும்புக்காரர், வேலைக்குப் புதுசு. நனைந்துபோய், முகமெல்லாம் கோபம்.

"கோயிலுக்கு மேலன்னுதானே சொன்னீங்க? மேப்புல கோயிலுக்கு மேல போனா டீ பெக்டரி வருது!"

பெக்டரி இருப்பது பள்ளத்தில். சிரித்துவிட்டேன். "மேலன்னா ஏத்தம்ங்க. ஏறி வரணும்."

"மேப்புல மேலன்னா வடக்குங்க."

சிரிப்பு அப்படியே நின்றது.

தகரத்தை இறக்காமல் கண்ணை மூடி நின்றேன். மூணு மரம். காலையில் அங்கிருந்து மேட்டில் ஏறுகிறேன். வெயில் எந்தக் கன்னத்தில்? இடது. எப்பவும் இடது கன்னம்தான் எரியும். அப்படியென்றால் நான் ஏறுவது தெற்கே. ரஃபீக் நான் சொன்னபடிதான் தேடியிருக்கிறான், படத்தில் மேலே, வடக்கே. அவன் ஊரில் ஏத்தமே கிடையாது. மெஷின் வரப்போவது என் பள்ளத்துக்கு.

தாங்கிக்கு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் போச்சு. பதினொரு வருஷத்தில் இப்படிப் பயந்ததில்லை. டொக்டரம்மா எடுக்கவில்லை. நானா எடுத்தார்.

"நானா, மெஷின நிப்பாட்டச் சொல்லுங்க. அவ தெக்குப் பக்கம் இருக்கா. தப்பு என்னோடது. நான் மேலன்னது ஏத்தத்த."

"நானும் ஏத்தமெண்டுதானே நெனச்ச."

"அப்ப ஏன் சொல்லல?"

"என்ட கிட்ட யாரு கேட்ட? நான் சோறாக்குற ஆளு." ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு அவரே டொக்டரம்மாவைத் தேடிப் போனார்.

அப்புறம் ரஃபீக்குக்குக் குரல் செய்தி. நீ சரி, நான்தான் பிழை, மன்னித்துக்கொள் என்று. மூன்று தடவை பதிவு செய்தேன். மலையிலிருந்து திரும்பிய சாந்தி கேட்டுக்கொண்டே நின்றாள். "மன்னிப்புக் கேக்குறப்பவாச்சும் கத்தாம கேளுங்க."

நாலாம் தடவை மெதுவாக.

இரவு 8. நானா: இருட்டும்வரை தேடினார்களாம், இல்லை. மேடு பெரிசு. விடிய மறுபடி போவார்கள். மெஷினை நிறுத்துவது பற்றி டொக்டரம்மா பேசிக்கொண்டிருக்கிறாராம். பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

தகரம் இன்னும் வெளியிலேயே.

17, வியாழன்

மழை இல்லை. நமுனுகுல மலை தெளிவாக.

அங்கே விடிவது நமக்கு எட்டு மணி வாக்கில். ஏழுக்கே தாங்கிப் பக்கம் வந்துவிட்டேன். வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டாச்சு, சாந்தி போகவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

8.25. ரஃபீக்கிடமிருந்து வீடியோ, பன்னிரண்டு நொடி. பேச்சு இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். தூரத்தில் மேட்டடியில் மஞ்சள் மெஷின், நிற்கிறது. இந்தப் பக்கம் கங்காணியம்மா. வயிறு ஒட்டியிருக்கு. கொம்பைத் தாழ்த்தி ரஃபீக்கையே முறைக்கிறாள்.

சாந்தி போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "மாடு மட்டுந்தான் நிக்குது. குட்டி எங்கங்க?"

இடது பக்கம், புதருக்குக் கீழ. வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. திசை சொன்னது போதும்.

இரண்டாம் தடவை ஓடவிட்டாள். மூன்றாம் தடவை. திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க... இந்த மணலு மூச்சு விடுதுங்க."