கைப்பிடிச் சுவரில் உன் கை

ஏப்ரல் 9, புதன்

கரூமி, நேற்றுப் பெய்த மழை நம் வடக்குச் சுவருக்குள் இறங்கிவிட்டது. முஸ்னா படுக்கிற அறையில் கூரையிலிருந்து தரைவரை கறுப்பாக ஒரு பட்டை. "உம்மா, சுவருக்கு வேர்க்குது" என்று நம் மகள்தான் காட்டினாள். விரலை வைத்தேன். பிசைந்த மாவில் போவது போல உள்ளே போனது.

பாயையும் பெட்டியையும் இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். பயமில்லை. நான் வீடுகளுக்கு மண்கல் அறுத்தவர் மகள்.

ஏப்ரல் 10, வியாழன்

உன் தம்பி பகீத் வந்தார். நீ இறந்ததிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன் அல்லவா, அந்நிய ஆண் முன் வரக்கூடாது; கதவுக்கு வெளியே நின்றே பேசினார். வீட்டைப் பூட்டிவிட்டு அவர் வீட்டோடு வந்துவிட வேண்டுமாம். "மதினி, மண்ணு வீட்டுக்கு ஆம்பளை வேணும். பூசாம விட்டா அதுவா உக்காந்துடும்."

"இத்தா முடியுற வரைக்கும் புருஷன் வீட்டை விட்டுப் போகக்கூடாதுன்னு மூணு மாசம் முன்னாடி எனக்குச் சொன்னது நீங்கதானே" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே உன்னுடைய — வேண்டாம், எழுதவில்லை.

ஆள் இல்லாத வீடு இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு மழைக்கு மேல் நின்றதில்லை. நான் போனால் இதுவும் போய்விடும். இத்தா முடிந்தாலும் போகமாட்டேன்.

ஏப்ரல் 12, சனி

சுபைத் மேஸ்திரி மாடிக்குப் போய்ப் பார்த்தார். நான் படிக்கட்டு மறைவில் நின்றேன். வடக்குச் சுவருக்கு மேலே நிற்கிற கைப்பிடிச் சுவரில் மண் மேல் சிமெண்டு பூசியது யார் என்று கேட்டார். நீ என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மவுத்தானவங்களைக் குறை சொல்லக் கூடாது, முஸ்னா உம்மா. ஆனா வேலை தப்பு. சுண்ணாம்பு மண்ணோட ஒட்டிப்போகும். இது ஓடு மாதிரி தனியா நிக்குது. ஒரு கீறல் விழுந்தாப் போதும், உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல. மண்ணு கூழாயிடும்."

முழுக்க உரித்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழைக்குச் சுவர் விழும்.

கீறல் எங்கே என்று கேட்டேன்.

"கைத்தடம் ஒண்ணு இருக்கு பாருங்க. அதுலதான் தண்ணி தேங்குது. சுண்டுவிரல் நுனியில ஆரம்பிச்சிருக்கு."

ஜித்தாவில் பதினொரு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்த நீ, முதல் வேலையாக அந்தக் கைப்பிடிச் சுவருக்குத்தான் சிமெண்டு போட்டாய். சுண்ணாம்பே போதும் என்றேன். "உன் வாப்பா காலம் போயிடுச்சு" என்று சிரித்தாய். பூசி முடித்ததும், ஈரம் காயுமுன், சுவரின் மேல்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தினாய். நூறு வருஷம் இருக்கும் என்றாய்.

நீ மவுத்தான நாளிலிருந்து அசர் தொழுகைக்கு அப்புறம் மாடியேறி அதில்தான் என் கையை வைக்கிறேன். அந்தக் கீறலை நானும் பார்த்தேன், கரூமி. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று ஊதிவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணன் வேலையை உடைக்க வேண்டாம், மேலே இன்னொரு பூச்சு சிமெண்டு போட்டால் போதும் என்கிறார் பகீத். மனசு அதையேதான் கேட்கிறது. மண் கேட்காதே.

ஏப்ரல் 16, புதன்

உடைத்துவிட்டேன்.

மேஸ்திரியையும் ஆட்களையும் கீழே காத்திருக்கச் சொன்னேன். அந்த ஒரு இடம் மட்டும் நானே. உன் சுத்தியல்தான். அழுவேன் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. ஏன்யா, சொன்னப்பவே கேட்டிருந்தா என்ன? மண்ணுல பொறந்தவதானே நான்? சிரிச்சியே — நல்லா சிரிச்சே.

நாலு பக்கமும் தட்டித் தட்டி நெம்பினேன். கைத்தடம் உடையாமல் பலகை போல வந்தது. அடியில் மண் சொதசொதவென்றிருந்தது. மண்ணில் பிசைந்த வைக்கோலோடு வந்த ஒரு கோதுமை மணி, வெயிலே காணாமல், வெள்ளையாக முளைத்திருந்தது.

மற்றதை அவர்கள் உரித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பத்து நாள் வெயிலில் சுவர் காய்ந்தது. புதுச் சுண்ணாம்பைத் தடியால் அடித்து அடித்துப் பூசினார்கள். அவர்கள் இறங்கியதும் வழவழப்பான கல்லை எடுத்து நானே தேய்த்து மெருகேற்றினேன். தோள் கழன்றுவிட்டது. மேஸ்திரி கீழே இருந்து கேட்டார், ஞாபகத்துக்கு உங்க கையைப் பதிக்கிறீங்களா என்று.

"எதுக்கு? தண்ணி தேங்கவா?" என்றேன்.

கீழே ஆட்களெல்லாம் சிரித்தார்கள். நானும்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு.

மே 4, ஞாயிறு

முஸ்னா பாயைப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டாள்.

மே 27, செவ்வாய்

முந்தாநாள் இத்தா முடிந்தது. இன்று பகீத் மனைவியோடு என்னை அழைத்துப்போக வந்தார். தேநீர் ஊற்றும்போதே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. எல்லாரும் வடக்குச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். விட்டதும் பகீத் எழுந்துபோய்ச் சுவரை மேலிருந்து கீழே தடவினார். கையைப் பார்த்தார். தூசி மட்டும்தான்.

"அப்ப நாங்க கிளம்புறோம், மதினி" என்றார். கூட வாங்க என்று சொல்லவில்லை.

உன் கைத்தடத்தை முற்றத்தில், மாடித் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் பதித்து வைத்திருக்கிறேன். அவர்கள் போனபின் பார்த்தேன். நிறைந்திருந்தது. குருவி ஒன்று சுண்டுவிரலோரம் உட்கார்ந்து குடித்தது.

வீட்டுக்குள் ஒரு சொட்டு வரக்கூடாது என்றுதானே அவ்வளவு பாடுபட்டாய். உள்ளே ஒரு சொட்டு இல்லை. உன் கை நிறையத் தண்ணீர். உனக்குச் சம்மதம்தானா, கரூமி?