சத்தம் நிறுத்திய மோடம்

மச்சான்,

இன்று காலை புது இன்டர்நெட் லைன் பூட்ட வந்தவர், மாடிச் சுவரில் நீ துளைத்த ஓட்டையிலிருந்து சாம்பல் நிற வயர் ஒன்றை இழுத்துக் காட்டினார். "இது சும்மா தொங்குது ஹாஜியார், கழட்டவா?" வேண்டாம் என்றேன். நான் ஹஜ்ஜுக்குப் போகுமுன்பே என்னை அப்படிக் கூப்பிட்டவன் நீ, கிண்டலுக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. கல்முனையில் ஒரு டெலிபோன் லைன் கிடைப்பதே பெரும்பாடு. மோடம் மேலே வீட்டில், வேலை கீழே டைல்ஸ் கடையில். நீ தம்பிலுவிலிலிருந்து பஸ்ஸில் வந்து, இரண்டு கொம்பியூட்டரையும் அந்த வயரால் சேர்த்து, ஒரே லைனில் இரண்டுக்கும் இன்டர்நெட் வரச் செய்தாய். கீழே உள்ளது கேட்டால் மேலே உள்ளது தானாக டயல் பண்ணும்; அடிக்கடி கேட்டால் லைனை விடாது, அதுவரை வெளியிலிருந்து ஒரு அழைப்பும் வராது. பத்து நிமிடத்துக்கொரு தடவை கடைக் கொம்பியூட்டர் தானே ஈமெயில் பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். மாடி ஏறும் நேரம் மிச்சம் என்பது என் கணக்கு.

ஒரு வாரத்தில் உன்னைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"தொழுகையில நிண்டா இது கீச்செண்டு கத்துது மச்சான். இதுட வாய மூடு."

"கத்தினாத்தான் லைன் எங்கேஜ் எண்டு தெரியும், ஹாஜியார்."

"தெரியத் தேவல்ல. மூடு."

"ஓம், ஓம். ஊமைப் பொட்டிக்கும் கூலி ஒண்டுதான்" என்று சிரித்தபடி மூடினாய்.

பிறகு அந்த ஹர்த்தால் நாள். கடைகள் பூட்டு, ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. கடையைப் பூட்டிய நான் உள்ளே கொம்பியூட்டரை நிறுத்தவில்லை. காலையிலிருந்து டெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். ஒரு தடவைகூட அது அடிக்கவில்லை. வியாபாரிக்கு இப்படி ஒரு நாள் கிடைப்பது அபூர்வம் என்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அதே நேரம் உனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அந்த நாளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வரக்கூடியது என் வேன் ஒன்றுதான் என்று உன் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறா.

பதினொரு மணிபோல் கரண்ட் போனது, மோடமும் நின்றது. போன கையோடு டெலிபோன் அடித்தது.

நான் வேனை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. வந்து சேர்ந்தபோது உன்னை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள்.

உன் மனைவி என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. எப்போதும்போல அண்ணன் முறை வைத்தே சொன்னா: "எட்டு மணியிலயிருந்து போன் எடுத்தனான் நானா, எங்கேஜ், எங்கேஜ். ஆரோடயோ யாவாரம் கதைக்கிறார் போல எண்டன். இவர் இல்லையெண்டார். 'அவன் கதைக்கல்ல, பொட்டிதான் லைனப் பிடிச்சிக்கிட்டு நிக்குது, விடாம அடி' எண்டார்."

எவ்வளவோ நட்டத்தை மறந்திருக்கிறேன், அந்தச் சொல்லை மறக்க முடியவில்லை. மூச்சு முட்டிக் கிடந்த அந்த மூன்று மணித்தியாலமும், நான் யாரோடும் கதைக்கவில்லை என்று உனக்குத் தெரிந்திருந்தது. அந்த டெலிபோனுக்குப் பக்கத்தில்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் தெரிந்திருக்கும்.